வீராங்கனையின் தோள்



வீடியோ விளையாட்டுக்களில் வரும் வீரப் பெண்களின் உடற்கட்டைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். 33 ஆண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இப்பொருளோடு என்ன உறவு என்று தாங்கள் எண்ணலாம். உறவு உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் மணிக்கணக்கில் எதனோடு பழகுகிறார்களோ, அதனைத் தெரிந்துகொள்ளும் கடமை ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகும் ஆசிரியனை விட்டுப் போவதில்லை. பாடநூலில் ஒரு படம் பொருத்தமின்றி இருந்தால் நாம் கூட்டம் கூட்டிப் பேசுகிறோம். விளையாட்டில் வரும் படத்தை மட்டும், விளையாட்டுத்தானே என்று விட்டுவிடுகிறோம்.

இவ்விளையாட்டுக்களில் ஒரு வகையை ஆங்கிலத்தில் ‘ரோல் பிளேயிங்’ என்பார்கள். வேடம் ஏற்று ஆடுவது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவற்றிற் பலவற்றில், கதை தொடங்குமுன் ஆடுபவர் தமக்குரிய தலைவனையோ தலைவியையோ தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். கூத்துக்காரர் அரிதாரம் பூசிக்கொள்ளும் கொட்டகையைப் போன்றது அந்த முதல் திரை. இனம், தொழில், முகம், தலைமயிர், கண்ணின் நிறம் முதலியவற்றை அங்கே தேர்ந்துகொள்ளலாம். அத்துடன் வலிமை, சுறுசுறுப்பு, உடலுரம், அறிவு என்று பண்புகள் சிலவற்றுக்கு எண்களும் இடவேண்டும். வலிமைக்கு 8 பெற்றவள் பூட்டிய கதவை உடைக்கத் திணறுவாள்; 17 பெற்றவள் எளிதில் உடைப்பாள். வலிமையைக் குறிக்கும் எண் ஒரு பக்கம், திரையில் நிற்கும் உருவம் மற்றொரு பக்கம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பதே என் கேள்வி.

எண்ணின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அஃது இவ்வகை விளையாட்டு கணினிக்கு வருமுன்னரே தொடங்கியது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு ஆடுவது அது. வலிமையின் அளவு 3 முதல் 18 வரை. 1978இல் வெளிவந்த விரிவான விதிநூலில், வலிமை 18 பெற்ற போர்வீரன் மேலும் ஒருமுறை பகடை உருட்டி, 1 முதல் 100 வரை இன்னோர் எண்ணைப் பெறலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அவ்வெண் உயர உயர அடியின் பலமும் உயரும். ஆனால் அந்த வீரன் மனித இனத்துப் பெண்ணாக இருந்தால் 50க்கு மேல் போகலாகாது என்பது விதி. 100ஐ எட்டிய ஆணின் அடியில் 6 புள்ளி கூடும்; 50இல் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு 3 புள்ளியே கூடும். தீ உமிழும் நாகங்களும் மறைந்து திரியும் மந்திரவாதிகளும் அந்த உலகில் தாராளமாக உலவினார்கள். முழு வலிமையுள்ள ஒரு பெண் மட்டும் நம்பத்தகாதவள் ஆகிவிட்டாள்! 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்விதியை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

கணினி விளையாட்டிலும் இதன் சாயல் சில காலம் இருந்தது. 2002இல் வந்த ‘மோரோவின்ட்’ என்னும் விளையாட்டில், ரெட்கார்டு என்ற போர்க்குடியைச் சேர்ந்த ஆண் வலிமை 50உடன் தொடங்குவான். அதே குடிப் பெண்ணுக்கு 40தான். அதே வரிசையில் 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ அந்தப் பண்பெண்களையே நீக்கிவிட்டது; ஆண் பெண் வேறுபாடும் அவற்றோடு போயிற்று. இன்று இவ்வகை விளையாட்டு எதனை எடுத்தாலும் பெரும்பாலும் எண்ணில் வேற்றுமை இராது.

எண் இவ்வாறு சமமாகியும் உருவம் வெகுகாலம் சமமாகவில்லை. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்று 2004இல் ஒரு விளையாட்டு வந்தது. வீரர்களின் நகரம் என்பது பெயரின் பொருள். இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடியது. 2012 நவம்பரில் மூடப்பட்டு, பின்னர் அன்பர்களின் முயற்சியால் மறுபடி உயிர்பெற்றது. அங்கே உடலின் அடிப்படை வகை மூன்று: ஆண், பெண், பேருடல். இந்தப் பேருடல் யாருடையது என்று பார்த்தால் அதுவும் ஆணுடையதே. மலையைப் பெயர்க்கும் ஆற்றலைப் பெண்ணுக்குக் கொடுக்கலாம். மலையைப் பெயர்ப்பவளுக்குரிய மேனியைக் கொடுக்க முடியாது. அதே 2004இல் தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் ஆண் உடல் ஒன்று, பெண் உடல் ஒன்று, அவ்வளவே. 2022 இறுதியில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, ‘உடல் 1’, ‘உடல் 2’ என்று எழுதினார்கள். பலகையை மாற்றினார்களே தவிர, கடையில் சரக்கு அதேதான்.

‘மாஸ் எஃபெக்ட்’ என்ற புகழ்பெற்ற வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த அவ்விளையாட்டில் தலைமைப் பாத்திரம் ஷெப்பர்ட் என்னும் படைத்தலைவர். ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். ஜெனிஃபர் ஹேல் என்ற நடிகை குரல் கொடுத்த அந்தப் பெண் ஷெப்பர்டின் மேல் உலகெங்கும் பற்றுக்கொண்டவர் பலர். அவளுடைய மூக்கையும் தாடையையும் வேண்டியபடி செதுக்கிக்கொள்ளலாம். கழுத்துக்குக் கீழே கை வைக்க இடமில்லை. ஆண் ஷெப்பர்டுக்கும் ஒரே உடல்தானே என்று தாங்கள் கேட்பீர்கள். உண்மை. ஆனால் அந்த ஒரே உடல் அகன்ற மார்பும் பருத்த கையும் உடையது. போர்ப்பயிற்சியின் உச்சியைத் தொட்டவனுடைய உடல் என்று பார்த்தவுடனே விளங்குவது. அதே பயிற்சியை அவளும் பெற்றவள்தானே?

இனி, உடலை மாற்றும் வித்தை எவ்வாறு நடக்கிறது என்பதைச் சிறிது விளக்குகிறேன். கரும்பலகை இல்லாமல் கணக்குச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆயினும் இஃது எளிய கணக்கு. கணினிக்குள் இருக்கும் உடல் மீன்வலையைப் போன்றது. ஆயிரக்கணக்கான முடிச்சுக்கள், ஒவ்வொரு முடிச்சும் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எண்கள். வலைக்குள்ளே ஓர் எலும்புக்கூடு. எலும்பு அசைந்தால் வலையும் அசையும். மெலிந்த உடலுக்கு ஒரு வலை, திரண்ட உடலுக்கு ஒரு வலை என இரண்டைச் செய்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் முடிச்சுக்களின் தொகை ஒன்றே. தோள் நுனியில் உள்ள ஒரு முடிச்சு, மெலிந்த உடலில் நடுக்கோட்டிலிருந்து 7 அங்குலத்திலும், திரண்ட உடலில் 9 அங்குலத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு குமிழ் இருக்கும், ‘ஸ்லைடர்’ என்பார்கள். வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வைத்திருக்கும் குமிழின் வேலைதான் அதற்கும். அதைப் பாதித் தூரம் நகர்த்தினால் தோள் 8 அங்குலத்தில் நிற்கும். கால்வாசி நகர்த்தினால் ஏழரை அங்குலம். எல்லா முடிச்சுக்களுக்கும் இந்தக் கணக்கையே கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது. ஸ்கைரிமில் ‘எடை’ என்று இருக்கும் குமிழ் இத்தகையதே. ஆனால் ஆணின் குமிழை மேலே தள்ளினால் தசை முறுக்கேறுவது தெளிவாகத் தெரியும். பெண்ணின் குமிழை எவ்வளவு தள்ளினாலும் மேனி சிறிதே நிறைகிறது. கணக்கில் குறையில்லை. திரண்ட பெண்ணுடல் என்று சிற்பி செய்து வைத்த வலைதான் போதிய அளவு திரளவில்லை.

இதைவிட அழகான ஏற்பாடு ஒன்றைச் ‘செயின்ட்ஸ் ரோ’ என்ற வரிசையின் மூன்றாம் விளையாட்டில், 2011இல் காண்கிறோம். அது தெருச் சண்டைக் கதை. என் ரசனைக்கு ஒவ்வாதது. எனினும் அதன் உடலமைப்புத் திரையில் ஒரு முக்கோணம் இருக்கிறது. ஒரு முனையில் மெலிவு, ஒரு முனையில் பருமன், ஒரு முனையில் தசைத்திரட்சி. முக்கோணத்துக்குள் எந்தப் புள்ளியையும் தொடலாம். அந்தப் புள்ளிக்கேற்ற உடல் எழுந்து நிற்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் முக்கோணம் ஒன்றே. வடிவியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைச் செய்தவருக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

‘இவ்வளவு எளிதென்றால் எல்லாரும் ஏன் செய்யவில்லை?’ என்ற கேள்வி எழும். தடை உடலில் இல்லை, உடையில் இருக்கிறது. வீராங்கனை கவசம் பூண்டல்லவா போருக்குப் போகிறாள்? ஒரு விளையாட்டில் 200 உடைகளும் கவசங்களும் இருப்பதாகக் கொள்வோம். புதிதாக ஓர் உடலைச் சேர்த்தால் அந்த 200ஐயும் அதற்கு அளவெடுத்துத் தைக்க வேண்டும். ஆறு இனங்களுக்குச் சேர்த்தால் 1,200. தைக்காமல் விட்டால் இரும்பைத் துளைத்துக்கொண்டு தசை வெளியே எட்டிப் பார்க்கும். ஒருவர் தோளில் மற்றொருவர் கை வைக்கும் காட்சியில், அகன்ற தோளுக்குள் விரல்கள் புதைந்துபோகும். இவை மெய்யான இடர்ப்பாடுகள்; மறுப்பதற்கில்லை. ஆயினும், இடர்ப்பாடு எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2014இல் யூபிசாஃப்ட் நிறுவனம் தன் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ விளையாட்டில், பலர் கூடி ஆடும் பகுதிக்குப் பெண் பாத்திரம் சேர்க்காததற்கு வேலைச்சுமையைக் காரணம் காட்டியது. அதே நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய இயக்கக் கலைஞர் ஜொனதன் கூப்பர், அஃது ஓரிரு நாள் வேலை என்று பகிரங்கமாகவே சொன்னார். ஸ்கைரிமை ஆடுபவர்களோ சம்பளம் ஏதுமின்றி ‘பாடிஸ்லைடு’ என்ற கருவியைத் தாமே செய்து வெளியிட்டார்கள். உடலின் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குமிழ். தேர்ந்த உடலுக்கு ஏற்ப உடைகளை ஒருசேர அளவு மாற்றிவிடும் வசதி. அதைக் கொண்டு பலர் செய்தது இடையைச் சுருக்குவதும் மார்பைப் பெருக்குவதுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தோளை அகலமாக்கியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

2023 ஆகஸ்டில், பெல்ஜியம் நாட்டுக் கென்ட் நகரத்தைச் சேர்ந்த லேரியன் ஸ்டூடியோஸ் ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற விளையாட்டை வெளியிட்டது. நான் முன்னர்க் கூறிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் வழித்தோன்றல் அது. மனிதர், எல்ஃப், டீஃப்ளிங் முதலிய இனங்களுக்கு அதில் நான்கு உடல்கள்: மெலிந்த பெண், மெலிந்த ஆண், திரண்ட பெண், திரண்ட ஆண். கதையில் துணைக்கு வரும் கார்லாக் என்பவள் அந்தத் திரண்ட பெண்ணுடல் உடையவள். நெற்றியில் கொம்பு, மார்புக்குள் இதயத்துக்குப் பதிலாக எரியும் ஓர் இயந்திரம், கையில் இரு கைகளாலும் வீசவேண்டிய பெருங்கோடரி. அவ்வளவு பெரிய மேனியில் குழந்தையின் உற்சாகத்தை வைத்திருக்கிறார்கள். திரண்ட தோளுடையவள் என்றால் முரட்டுக் குணமும் கட்டைக் குரலும் வேண்டும் என்ற பழைய வழக்கை விட்டுவிட்டார்கள் என்பதே எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த விளையாட்டை எனக்குக் காட்டியவள் என் பேத்தி. கல்லூரியில் குண்டெறிகிறாள், 4 கிலோ குண்டு. அவளுடைய தோள்கள் அப்பயிற்சிக்கு ஏற்றவை. திருமண வீடுகளில் உறவுப் பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, ‘என்னடி, ஆம்பிளை கை மாதிரி இருக்கிறதே!’ என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்பவர்கள் அல்லர். அவர்களுடைய பாட்டிமார் உரலில் நெல் குத்தியவர்கள். தலைக்கு மேல் ஒன்று, இடுப்பில் ஒன்றென நீர்க்குடம் சுமந்தவர்கள். அந்தத் தோள்களை மறந்துவிட்டார்கள், அவ்வளவே. பேத்தி பதில் சொல்வதில்லை. முழுக்கை இரவிக்கை தைத்துக்கொண்டாள். அவள் அன்று திரையில் ஒரு பெண்ணை உருவாக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்த உடலைத் தாண்டித் திரண்ட உடலைத் தொட்டதும், திரையில் நின்ற பெண்ணின் கழுத்தும் தோளும் அகன்றன. “தாத்தா, முதுகுப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள், குண்டு போடுகிறவள் முதுகு இப்படித்தான் இருக்கும்” என்றாள். வெகுநேரம் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையை அன்று தொடங்கவே இல்லை.

பள்ளியில் இருந்த நாளில் நான் கண்ட மாணவியரை நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் பயிற்சியால் கை திரளத் தொடங்கும். உடனே துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கி நடப்பார்கள். மாவட்ட அளவில் முதலிடம் பெற்ற ஒருத்தி, பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னவுடன் குண்டைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அவளுக்கு உடற்பயிற்சி ஆசிரியை எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சொல்லைவிடப் படம் வலியது. அத்தகைய தோளோடு மதிப்பாக வாழும் ஒரு பெண்ணின் படத்தை அவள் எங்கும் பார்த்ததில்லை. பாடநூலில் இல்லை, திரைப்படத்தில் இல்லை, நாட்காட்டியிலும் இல்லை.

பெண்ணுக்கு அவ்வளவு தசை இயற்கையில் இல்லை என்று வாதிடுவோர் இன்றும் உளர். 2020இல் வெளியான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற பெண் பாத்திரம் பருத்த கைகளோடு வந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அஃது உடலைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு அன்று. ஆபிக்கு அந்த ஓர் உடல்தான். இப்படி ஒரு பெண் இருக்கவே முடியாது என்றார்கள். ஆனால் அந்த உடல் கோலின் ஃபாட்ச் என்ற கிராஸ்ஃபிட் வீராங்கனையின் மேனியை அளவாகக் கொண்டு அமைத்தது! கண்ணெதிரே நடமாடும் ஒருத்தியையே கற்பனை என்றார்கள். பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. கதையில் ஆபி செய்த செயலின்மேல் கொண்ட கோபமும் அதில் கலந்திருந்தது என்பது மெய்தான். எனினும் கைகளைப் பற்றிய ஏளனம் அக்கோபத்துக்கு முன்னும் பின்னும் தனியே ஓடிற்று.

வேறு சிலர் நேர்மையாகவே ஒன்று கேட்கிறார்கள். வலியவள் எல்லாரும் பருத்தவளாகத்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது, பளுதூக்குதலில் 49 கிலோ எடைப்பிரிவில் மணிப்பூரின் மீராபாய் சானு மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். தம் எடையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 87 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் சீனாவின் லி வென்வென் 320 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இருவரையும் ஒரே மேடையில் நிறுத்திப் பாருங்கள். வலிமைக்கு ஒரே மேனி இல்லை என்பது விளங்கும். அதனால்தான் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆடுபவரிடம் இருக்க வேண்டும் என்கிறேன். மெலிந்த வீராங்கனையை எடுத்துவிடும்படி யாரும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் மற்றவளுக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்கும்போதும் மனதாரக் கொடுக்க வேண்டும். மெலிந்த உடலை அப்படியே வைத்துக்கொண்டு, வயிற்றில் நாலு கோடு வரைந்து நிழல் தீட்டித் தசை என்று காட்டுவது ஏமாற்று வேலை. உண்மையில் பளு தூக்குகிறவளுக்கு இடையும் தடிக்கும், கழுத்தும் தடிக்கும், தொடையும் தடிக்கும்.

சில ஆண்டுகளாக நிலைமை சீர்பட்டு வருகிறது. 2022இன் ‘எல்டன் ரிங்’ விளையாட்டில் எந்த உடலுக்கும் தசைத்திரட்சி வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்டு’ தோளின் அகலத்துக்கே தனிக் குமிழ் வைத்திருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3இல் அத்தகைய குமிழ் இல்லை. நான்கு உடல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நான்கும் எல்லா இனத்துக்கும் கிடைப்பதில்லை. கித்யாங்கி என்று அதில் ஓர் இனம். பிறந்தது முதல் போரே வாழ்க்கையாகக் கொண்டது. அவ்வினத்தைச் சேர்ந்த லேஸெல் என்னும் வாள்வீராங்கனையும் கார்லாக்கைப் போலவே துணைக்கு வருகிறாள். இருவருக்கும் வலிமை 17. லேஸெல் ஒடிசலானவள், அது அவளுக்கு அழகாகவே பொருந்துகிறது. ஆனால் நாமே ஒரு கித்யாங்கிப் பெண்ணை உருவாக்கப் புகுந்தால், நமக்குக் கொடுப்பது அந்த ஒடிசலான உடல் ஒன்றுதான். என் பேத்தி அந்த இனத்தைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு, மனித இனத்துக்கே திரும்பி வந்தாள்.